நீ ஓடாத லெவல் எட்டு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகாதே. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்து நீ இந்தக் காகிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரியாவது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கட்டும் என்றுதான் அதை முதலில் எழுதிவிட்டேன்.

நேற்று உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, மேகனா ஸ்கூலுக்குப் போனாளா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ராமமூர்த்தி நகரில் மழை பெய்தால் ஜோகுபாளையத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன? மூன்றாவது தடவை நீயே சிரித்துவிட்டாய். "என்னப்பா, வெதர் டிபார்ட்மெண்ட்ல சேந்துட்டீங்களா?" என்றாய். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக மைதானத்தில் கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவன் நான். நானூறு பிள்ளைகள் நிற்கிற வரிசையை விசில் ஊதாமலே நிறுத்தியிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன், முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. மேகனா ஸ்கூலில் ஓடும்போது இரண்டாவது தடவையாக விழுந்ததால் குழந்தைகள் இதய டாக்டர் அந்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா என்று சுமாதான் கூட வந்திருக்க வேண்டும், அவளுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. "உங்களுக்குத்தான்பா இதெல்லாம் புரியும், வாங்க" என்று நீ என்னை அழைத்துப் போனாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அறையில் நகராத சைக்கிள் ஒன்று. குழந்தையின் நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். இழுக்கிற மூச்சும் விடுகிற மூச்சும் குழாய் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போனது. நிமிஷத்துக்கு நிமிஷம் பெடலை இறுக்கிக்கொண்டே போவார்களாம். இனி முடியாது என்று குழந்தை சொல்கிற இடம் வரைக்கும் மிதிக்க வேண்டுமாம். இதயமும் நுரையீரலும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது அங்கேதான் தெரியும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒளிந்துகொள்கிற கோளாறும் அங்கேதான் தலைகாட்டும் என்று அந்த டெக்னீஷியன் பெண் சொன்னாள். எனக்கு அவள் சொல்ல வேண்டியதே இல்லை. நான் சுண்ணாம்புக் கோட்டையும் டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டுச் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான், மிஷின்தான் இல்லை.

"பாப்பா, மாஸ்க் போட்டா பேச முடியாது. ஓகேன்னா கட்டை விரல் மேல, முடியலன்னா கீழ. மூக்கு அரிச்சா ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ஆயித்தா, சரியா?" என்று கன்னடம் கலந்து சொன்னாள் அந்தப் பெண். மேகனா கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டினாள். எட்டு வயதுக் குழந்தை, பெடல் எட்டுவதற்கே சீட்டை அடிவரை இறக்க வேண்டியிருந்தது. நாலு நிமிஷம் போயிருக்கும். நெற்றியில் வேர்வை, கன்னம் சிவந்திருந்தது, விரல் இன்னும் மேலேதான் இருந்தது. திரையில் இதயத் துடிப்பின் எண் ஏறிக்கொண்டே போனது. அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. என்ன நடக்கலாம் என்று மட்டும் எனக்கு ஒருவனுக்குத் தெரியும். "போதும்! நிறுத்துங்கம்மா! இறக்குங்க குழந்தைய!" என்று நான் கத்திவிட்டேன். குழந்தை பயந்துபோய் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் சார்? பாப்பா நல்லாத்தானே பண்ணிட்டிருந்தா. பாதிகூட வரல. இங்க விழுந்தா நாங்க புடிப்போம் சார், டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க. கிரவுண்ட்ல விழுந்தா யாரு புடிப்பாங்க?" என்றாள் அந்தப் பெண். என் வயதில் பாதிகூட இருக்காது அவளுக்கு, அவளுக்கு இருந்த புத்தி அன்று எனக்கு இல்லை. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்பா, நீங்களா இது? வாந்தி எடுத்தவனையே இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விட்ட ஆளு!" என்று அவளுக்கு முன்னால் சிரித்துச் சமாளித்தாய். முழு முயற்சி எட்டவில்லை, மறுபடியும் செய்ய வேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்கள். அன்றைக்கு உள்ளே அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் வந்தால் போதும் என்று அந்தப் பெண் சொன்னது என்னைப் பார்த்துத்தான். சரியாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவின் அறை. குடும்பத்தில் யாருக்காவது ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா, சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா என்று அவர் கன்னடத்தில் கேட்டார். சில இதயக் கோளாறுகள் அப்பனிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிள்ளைக்கு வரும், அப்படி இருந்தால் குழந்தையைப் பார்க்கிற முறையே வேறு, பெரியவர்களையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். நீ யோசிக்கவே இல்லை. "இல்ல டாக்டர். நான் ஸ்கூல்ல பீப் டெஸ்ட்ல லெவல் எயிட் ஓடினவன். ஒரே ஒரு தடவை கால் தடுக்கி விழுந்திருக்கேன், அவ்வளவுதான். இப்பவும் பத்து கிலோமீட்டர் ஓடறேன். எங்கப்பாவையே கேளுங்க, அவர்தான் பி.டி. மாஸ்டர்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி "ஹௌதா சார்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன், பிரபு. அவர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நீ மருந்துக் கடைக்குப் போனாய். மேகனா என் பக்கத்தில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, நான் தடுக்கல. மிஸ்தான் தடுக்கி விழுந்தேன்னு சொன்னாங்க" என்றாள். "அப்போ என்ன ஆச்சு கண்ணு?" என்றேன். "தெரியல. டிவிய ஆஃப் பண்ணா மாதிரி" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். "நானும் ஒன்ன மாதிரிதான் விழுந்தேன், எல்லாரும் விழறதுதான்" என்று நீ அவளைத் தேற்றினாயாம். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நான் உனக்குச் சொன்ன பொய்யை நீ உன் பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை உண்மை என்று நம்ப வைத்தவன் நான்.

இனி அந்த நாள். நான் வேலை பார்த்த பள்ளியிலேயே நீ ஆறாவது படித்தாய். இருபத்தாறு வருஷம் ஆகிறது. விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பேர் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது. படிவத்தில் பீப் டெஸ்ட் லெவலை எழுதி மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். இருபது மீட்டருக்கு இரண்டு கோடு, கேசட்டில் பீப் சத்தம் வருவதற்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓட வேண்டும், சத்தம் வரவர நெருங்கும். உனக்குத் தெரியாததா? உன்னோடு பன்னிரண்டு பிள்ளைகள் ஓடினார்கள். லெவல் ஆறின் நடுவில் நீ முன்னால்தான் இருந்தாய். நான் கோட்டருகே ஸ்டாப்வாட்சோடு நின்று, "காலைத் தூக்கு பிரபு, தூங்கறியா?" என்று கத்தினேன். அடுத்த அடி வைக்கும்போது நீ விழுந்தாய். தடுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான், பிரபு. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகள் விழுவதைப் பார்த்தவன் சொல்கிறேன். நீ கையை ஊன்றவில்லை. உயிர் போன கட்டை மாதிரி முகம் குப்புற விழுந்தாய்.

நான் ஓடிவந்து உன்னைத் திருப்பினேன், தட்டினேன், தண்ணீர் தெளித்தேன். வாட்ச் என் கழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நீ கண்ணைத் திறந்தபோது பார்த்தேன், விழுந்ததிலிருந்து நாற்பது நொடிக்குமேல் ஆகியிருந்தது. மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல, தடுக்கிட்டான். லைன்ல போய் நில்லுங்கடா" என்று அவர்களை விரட்டினேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, அதைக் காட்டி "இதுலதான் கால் மாட்டிச்சு" என்றேன். நீ பள்ளத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சரி என்றாய். சாயங்காலம் அம்மா ஏன் சட்டை நனைந்திருக்கிறது என்று கேட்டபோது நீயே பள்ளத்தைப் பற்றிச் சொன்னாய். அவளுக்கும் கடைசிவரை அந்தப் பள்ளம்தான் தெரியும். படிவத்தில் நான் எட்டு என்று எழுதினேன், எட்டு ஓடிவிட்டுத்தான் விழுந்தாய் என்று உன்னையும் நம்ப வைத்தேன்.

இதில் எனக்குச் சாக்கே கிடையாது. அந்தப் பள்ளியில் ஓடும்போது மயங்குகிற பிள்ளையை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்று விதி போட்டவனே நான்தான். அதற்கு முந்தைய வருஷம் நீலசந்திராவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை வெயிலில் சுருண்டு விழுந்தபோது அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான்தான். அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரார் பிள்ளைக்குச் செய்ததை என் பிள்ளைக்குச் செய்யவில்லை. டாக்டரிடம் போனால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ, விடுதித் தேர்வு போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, பி.டி. மாஸ்டர் பையனுக்கே நெஞ்சில் கோளாறாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்களோ என்றும் பயந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைசியில் என்ன ஆனது? உயரம் போதவில்லை என்று உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லெவலை யாரும் பார்க்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு செய்தது இதைவிட மோசம். நீ மறுபடியும் ஓடினால் மறுபடியும் விழுவாயோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். டாக்டரிடம் கூட்டிப்போகிற தைரியமும் வரவில்லை, ஓட விடுகிற தைரியமும் வரவில்லை. அதனால் உனக்கு ஓட்டமே வராது என்று சொல்ல ஆரம்பித்தேன். "ஒடம்பு ஒத்துழைக்காதுடா உனக்கு, போய் கேரம் ஆடு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ரிலே டீமில் இருந்து உன் பேரை அடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உன் மனதில் என்ன முளைத்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முப்பத்து மூன்று வயதில் நீ திடீரென்று ஷூ வாங்கி அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கழுத்தில் மெடலோடு எனக்கு போட்டோ அனுப்புவாய். கீழே "ஓட்டம் வராதவன்" என்று எழுதிச் சிரிப்பு பொம்மை போடுவாய். நான் கட்டை விரல் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அந்த போட்டோ வருகிறவரை நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை, காபி குடித்ததில்லை. மூன்று வருஷமாக இப்படித்தான். போகாதே என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஏன் என்று கேட்பாயே!

மூன்று வருஷமாக உனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் அன்று நடந்தது வெறும் வெயில் மயக்கமாகக்கூட இருக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மேகனா டிவியைப் பற்றிச் சொன்ன பிறகு அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது. மறுநாள் காலை உனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். உன்னிடம் சொல்லாமலே டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அதுவும் கோழைத்தனம்தான். ரிசப்ஷனில் எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன ஆகணும் சார்?" "தாத்தா." "சாரி சார், அப்பா அம்மாகிட்டதான் டாக்டர் பேசுவாங்க. அவங்கள கால் பண்ணச் சொல்லுங்க." "ரொம்ப முக்கியம்மா." "முக்கியம்னா அவங்க அப்பாவையே பேசச் சொல்லுங்க சார்." நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியது எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. என்னால் ஓட முடியாது, உனக்குப் பதிலாக அந்தச் சைக்கிளில் ஏறி மிதிக்க முடியாது, குழந்தையின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. டாக்டரம்மாவுக்கு இன்றே போன் செய். பத்து வயதில் ஓடும்போது நினைவு தப்பி விழுந்தேன், நாற்பது நொடிக்குமேல் கண் திறக்கவில்லை, தடுக்கவில்லை, பார்த்தவர் என் அப்பா என்று சொல். உன்னையும் பரிசோதிக்கச் சொல். அடுத்த புதன்கிழமை வரை மேகனாவை ஓட விடாதே, மாடிப்படியில்கூடத் துரத்தி விளையாட விடாதே. புதன்கிழமை அவள் அந்தச் சைக்கிளில் கடைசிவரை மிதிக்கட்டும். என்னை மாதிரி கத்தாதே. இன்னொன்று, உன் பிள்ளை விழுந்தால் என்ன ஆச்சு என்று அவளிடம் கேள், இதுதான் ஆச்சு என்று நீ சொல்லிவிடாதே. அவள் சொல்லிவிட்டாள், நாம்தான் காதில் வாங்கவில்லை. இந்த வயதில் உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை.

நாளைக் காலை இதை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மேலே வரமாட்டேன், கீழே வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படித்துவிட்டு இறங்கி வந்து திட்டினாலும் சரி, வராமல் இருந்தாலும் சரி. டாக்டருக்கு போன் செய்துவிட்டேன் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு, நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒன்றை இன்னும் எழுதவில்லை. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று காலையிலிருந்து பார்க்கிறேன், முடியவில்லை. அன்று உன்னைத் திருப்பிப் போட்டதும் என் விரல் தானாக உன் மணிக்கட்டுக்குப் போனது. ஓடி முடித்த பிள்ளைகளின் நாடியைப் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குவது எங்கள் வேலை, எத்தனை ஆயிரம் கையைப் பிடித்திருப்பேன். உன் கையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, பிரபு. கழுத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் விரலுக்குக் கீழே ஒன்று தட்டியது, கொஞ்சம் விட்டு இன்னொன்று, அப்புறம் தாறுமாறாக நாலைந்து. நீ கண்ணைத் திறந்து, "நான் எங்கப்பா போயிருந்தேன்?" என்று கேட்டாய். எங்கேயும் போகவில்லை, தடுக்கித்தான் விழுந்தாய் என்றேன். அது பொய். நீ போய்விட்டாய். தண்ணீரைத் தெளித்துவிட்டு நான் உன் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். நீயாகத்தான் திரும்பி வந்தாய்.

அப்பா